எச்டி1 தனியாக எதையும் செய்வதில்லை



சம்பா நெல் கதிர் விடுவதைப் பற்றி நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். எச்டி1 என்ற படியெடுப்புக் காரணியை, அதாவது பிற மரபணுக்களை இயக்கவோ அடக்கவோ செய்யும் புரதத்தை, ஓர் அரசனாக்கிவிட்டாய். பகல் குறுகியதும் அவன் ஆணையிடுகிறான், பூக்கத் தூண்டும் எச்டி3ஏ மரபணு விழிக்கிறது, பயிர் பூக்கிறது. கதை விறுவிறுப்பாகத்தான் போகிறது. ஆனால் பாதியை விட்டுவிட்டாய். அதே எச்டி1, பகல் நீண்டிருக்கும்போது எச்டி3ஏ-வை அடக்கி வைக்கிறதே, அது எங்கே? 2000-ல் மசாஹிரோ யானோவின் குழு, நிப்பான்பாரே, கசலாத் என்ற இரு ரகங்களின் கலப்பை வைத்து எச்டி1 மரபணுவைப் பிரித்தெடுத்தபோதே இந்த இரட்டைக் குணத்தைச் சொல்லிவிட்டது. உனக்கும் இது தெரியும். தெரிந்தே வெட்டியிருக்கிறாய். அதனால்தான் கோபம் வருகிறது.

படியெடுப்புக் காரணிகளைப் பற்றி எழுதுகிற இளைஞர்கள் எல்லோரிடமும் நான் இதைத்தான் சொல்லிவருகிறேன்: அது எந்தச் செல்லில், யாரோடு, எப்போது நிற்கிறது என்று சொல்லாமல் அது என்ன செய்கிறது என்று எழுதாதே. நீண்ட பகலில் ஜிஎச்டி7 என்ற இன்னொரு புரதம் வந்து சேருகிறது. அதோடு கூடும்போதுதான் எச்டி1 பூப்பதைத் தடுக்கிறது. ஜிஎச்டி7 செயலிழந்த நெல்லில், நீண்ட பகலிலும் எச்டி1 பூக்கவே தூண்டுகிறது. பூவுக்குள் போனாலும் இதே கதைதான். பூவின் உறுப்புகள் எப்படி உருவாகின்றன என்பதற்குக் கோயனும் மேயரோவிட்ஸும் 1991-ல் முன்வைத்த ஏ-பி-சி விளக்கத்தை எடுத்துக்கொள். பி வகைக் காரணி ஏ வகையோடு சேர்ந்தால் அல்லியிதழ், சி வகையோடு சேர்ந்தால் மகரந்தத்தாள். இதில் அரசன் யார்?

இன்னொன்றும் உறுத்துகிறது. மூன்றாம் பக்கத்தில் ஒரே பத்தியில் பதினொரு மரபணுப் பெயர்கள். ஆனால் நெல்லைப் பற்றிய கட்டுரை முழுவதிலும் ஒரு நாற்று இல்லை, ஒரு தூர் இல்லை, இலையுறைக்குள் பொதிந்திருக்கும் தொண்டைக்கதிர் இல்லை. வயலைப் பார்க்காதவன் எழுதியது போல இருக்கிறது. நீயோ வயற்காட்டில் வளர்ந்தவன்.

எங்கள் பக்கத்தில் பழைய சம்பா ரகங்களை ஆற்றில் தண்ணீர் வந்ததும் நட்டவர்களும் உண்டு, பிந்தி நட்டவர்களும் உண்டு. இரண்டு வயலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கதிர் வாங்கும். பிந்தியதில் தூர் குறைவு, உயரம் குறைவு, அவ்வளவுதான். தஞ்சாவூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றேகால் மணி நேரம். அந்தச் சின்ன வித்தியாசத்தைப் பயிர் கணக்கு வைத்திருந்தது. சாலையோர வயல் ஒன்றில் பஞ்சாயத்து விளக்கு போட்ட வருஷம், மற்ற இடமெல்லாம் கதிர் தலைசாய்ந்த பிறகும் விளக்கடியில் ஒரு வட்டம் மட்டும் பச்சையாகவே நின்றது. வயலுக்குச் சொந்தக்காரர் உரம் கூடிவிட்டது என்றார். பூச்சி என்றார் இன்னொருவர். கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குக் காரணம் புரிந்தது. இரவு வெளிச்சத்தை இலையிலுள்ள பைட்டோகுரோம் என்ற ஒளியுணர் புரதம் உணர்ந்துகொள்கிறது, எச்டி3ஏ உருவாவது அடங்கிவிடுகிறது. உன் கட்டுரைக்கு இதைவிட நல்ல சாட்சி எது? உன் ஊரிலும் தெருவிளக்கு இருக்கிறது. நீ போய்ப் பார்க்கவில்லை.

ஐந்தாம் பக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பூக்கத் தூண்டும் ஏதோ ஒன்று இலையில் உருவாகிக் குருத்துக்குப் போகிறது என்று 1937-ல் சாய்லாக்யான் சொன்னதில் தொடங்குகிறாய். எழுபது ஆண்டு கழித்து அது எச்டி3ஏ புரதம்தான் என்று நெல்லில் காட்டியதற்கு வருகிறாய். அந்தப் புரதம் குருத்து நுனியின் செல்லுக்குள் நுழைந்து, 14-3-3 புரதத்தின் கை பிடித்து, உட்கருவில் எஃப்டி1 என்ற காரணியோடு சேர்கிற இடத்தை எழுதியிருக்கிறாயே, அற்புதம்! தமிழில் தாவர அறிவியலை இவ்வளவு தெளிவாக, இவ்வளவு அழகாக எழுதி நான் படித்ததில்லை. அங்கே மூன்று புரதங்கள் கூடித்தான் காரியம் நடக்கிறது. அதை அப்படியே எழுதிய உனக்கு, முதல் பக்கத்தில் அரசன் எதற்கு?

அடுத்து ஜிஎச்டி7 பற்றி எழுது. 2008-ல் சீனாவின் வூகான் ஆய்வாளர்கள் கண்டெடுத்த அந்த ஒரு மரபணு, கதிரில் மணி எத்தனை, பயிரின் உயரம் எவ்வளவு, கதிர் எப்போது வரும் என்ற மூன்றையும் பாதிக்கிறது. அது செயலிழந்த அல்லது செயல் குறைந்த ரகங்கள் கோடை குறுகிய வடசீனத்தில் விளைகின்றன. கதிர் முந்துகிறது, மணி குறைகிறது. தாமதமாகப் பூக்கும் பயிருக்குப் பெரிய கதிர் கட்ட அவகாசம் கிடைக்கிறது என்பதை விவசாயிக்குப் புரியும்படி சொல். எழுதத் தொடங்கும் முன் ஒரு வயலில் தொண்டைக்கதிரைப் பிரித்துப் பார். முதல் பக்கத்தைத் திருத்தி எனக்கு அனுப்பு.