சம்மட்டி

மனிதன் தன் கைவலிமையைப் பெருக்கிக்கொள்ளப் படைத்த கருவிகள் பலவாகும். அவற்றுள் நம் முன்னோர் தொன்றுதொட்டு அறிந்த ஒன்று சம்மட்டி. கொல்லன் ஓங்கி அடிக்கும் பெரிய சுத்தியல் புறநானூற்றில் ‘கூடம்’ என்று வழங்கப்படுகிறது. அதனையே நாம் சம்மட்டி என்கிறோம்.

சம்மட்டியின் தலை எஃகால் ஆனது. அதன் எடை பெரும்பாலும் 3 முதல் 9 கிலோகிராம் வரை இருக்கும். பிடி ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் நீளமுடையது. ஆணி அடிக்கும் சுத்தியலின் தலையோ அரைக் கிலோகிராம் அளவே இருக்கும். இரண்டும் ஒரே வேகத்தில் விழுமாயின், 4 கிலோகிராம் சம்மட்டியின் ஆற்றல் எட்டு மடங்காகும். வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். பிடி நீளமாக இருப்பதன் காரணமும் இதுவே. நீண்ட பிடியின் முனையிலுள்ள தலை பெரிய வட்டத்தில் சுழன்று மிகுந்த வேகம் பெறுகிறது. அவ்வாற்றல் கணப்பொழுதில் ஒரு சிறு இடத்தில் இறங்குவதால் கருங்கல்லும் பிளக்கிறது.

சம்மட்டியின் பயன்களை நாம் அன்றாடம் காணலாம். வேலிக்கம்பங்களை நிலத்தில் இறக்கவும், ஆப்பு வைத்துக் கட்டைகளைப் பிளக்கவும், பாதைக்குக் கல் உடைக்கவும், பழைய சுவர்களையும் சிமெண்டுத் தளங்களையும் இடிக்கவும் அது உதவுகிறது.

நம் மக்களின் வரலாற்றிலும் சம்மட்டிக்கு இடமுண்டு. 1885ஆம் ஆண்டில் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டிற்கும் இடையே மலாயாவின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதன்பின் நாடெங்கும் நீண்ட பாதைகளில் தமிழ்த் தொழிலாளர் பலர் வியர்வை சிந்தினர். 1942, 1943ஆம் ஆண்டுகளில், 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் மரண இரயில்பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே சம்மட்டியும் உளியும் கொண்டு பாறைகளில் துளையிட்டு, வெடி வைத்து வழி அமைத்தனர். பசியாலும் நோயாலும் மாண்டு, வீடு திரும்பாதோர் எண்ணற்றோர். எனவே, சம்மட்டி பிடித்த கையை எளிதாக எண்ணுதல் நமக்குத் தகாது.

இக்கருவியைக் கையாளும் பெரியோர் சில விதிகளைப் போற்றுதல் வேண்டும். வேலையைத் தொடங்குமுன் பிடியில் விரிசல் உண்டா, தலை தளர்ந்துள்ளதா என்று பார்த்தல் வேண்டும். கண்காப்புக் கண்ணாடியும் கெட்டியான காலணியும் அணிதல் வேண்டும். ஒரு சுத்தியலை மற்றொரு சுத்தியலால் அடித்தலாகாது. எஃகுச் சில்லு தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். தலை மழுங்கி விளிம்பு விரிந்த உளியையும் ஆப்பையும் தேய்த்துச் சீராக்கிய பின்னரே பயன்படுத்த வேண்டும். சம்மட்டி சுழலும் எல்லைக்குள் எவரும் நிற்றல் கூடாது. மாணவமணிகளே, நீங்கள் அதனைத் தொடாது தொலைவில் நின்று காண்பதே நன்று.

கொல்லர் பட்டறையில் ஒரு காட்சியைக் காணலாம். தலைமைக் கொல்லர் பழுக்கக் காய்ந்த இரும்பைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி இடம் காட்டுவார். எதிரே நிற்பவர் அவ்விடத்திலேயே சம்மட்டியை இறக்குவார். இடம் தவறினால் இரும்பு உருக்குலையும். வலிமை எங்கே இறங்க வேண்டும் என்பதை அறிவே காட்ட வேண்டும். பெற்றோரின் உழைப்பு நமக்கு வலிமை தருகிறது. அவ்வலிமைக்கு வழிகாட்டும் அறிவைக் கல்வியால் நாம் பெறுவோமாக!