நிற்கத் தெரிந்த ஸ்கிரிப்ட்

ராத்திரியில் ஆள் பார்க்காமல் ஓடும் ஸ்கிரிப்டுகளைக் கவனித்துக்கொள்வதுதான் என் வேலை. கிளைகளிலிருந்து வரும் விற்பனைக் கணக்கைக் கூட்டுவது, டேட்டாபேஸை பேக்கப் எடுப்பது, காலையில் மேலாளர் திறந்து பார்க்கும் ரிப்போர்ட்டைத் தயார் செய்வது எல்லாம் அந்த நேரத்தில்தான் நடக்கும். பெரும்பாலும் பெர்ல், கொஞ்சம் பேஷ். பாதியில் நின்றுபோன ஸ்கிரிப்டைக் காலையில் வந்து சரிசெய்துவிடலாம். தப்பான எண்ணைக் கணக்கில் ஏற்றிவிட்டு ‘முடிந்தது’ என்று சொல்லிப் போன ஸ்கிரிப்ட் அப்படியல்ல. அந்த எண் எங்கெங்கே போய் ஒட்டியிருக்கிறது என்று தேடுவதற்குள் மாதக் கணக்கே முடிந்துவிடும். இந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் இது.

ஒரு கிளையிலிருந்து வந்த ஃபைலில் ஒரு பில் தொகை 1,25,000 என்று இருந்தது. மற்ற கிளைகளெல்லாம் 125000 என்றுதான் அனுப்பும். அங்கே மட்டும் யாரோ எக்செல்லில் திறந்து, படிக்க வசதியாக இருக்கட்டும் என்று காற்புள்ளி போட்டுச் சேமித்திருந்தார்கள். எழுத்துகளாக வந்ததை எண்ணாக மாற்ற வேண்டியிருந்தால், பெர்ல் தொடக்கத்திலிருந்து எண்ணாகத் தெரியும் வரை படிக்கும். எண் அல்லாத எழுத்து வந்ததும் மீதியை விட்டுவிடும். முதல் காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது 1. ஆக, ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம் ரூபாய் கூட்டலில் ஒரு ரூபாயாகச் சேர்ந்தது. கணக்குப் பிரிவு அக்கா போன் செய்து, “தம்பி, நேத்து டோட்டல் ஒரு லட்சத்துக்கு மேல குறையுது, கொஞ்சம் பாருங்க” என்றார்.

லாக்கைத் திறந்தால், பெர்ல் அதைச் சொல்லித்தான் இருந்தது. கூட்டலுக்கு வந்த “1,25,000” ஓர் எண் அல்ல. ஸ்கிரிப்டில் இத்தனையாவது வரி. படித்துக்கொண்டிருந்த ஃபைலில் இத்தனையாவது வரி. வேண்டிய விவரம் அத்தனையும் இருந்தது. எழுதி வைத்துவிட்டு, ஒரு ரூபாயைக் கூட்டிக்கொண்டு அது அடுத்த வரிக்குப் போய்விட்டது. அதே லாக்கில் தினமும் நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகள் குவிவதால் யாரும் அதைத் திறப்பதில்லை. படிக்க ஆளில்லாத எச்சரிக்கையால் ஒரு பயனும் இல்லை. ராத்திரி ஓடும் ஸ்கிரிப்டில் முக்கியமான எச்சரிக்கைகள் ‘ஃபேட்டல்’ ஆக இருக்க வேண்டும், அதாவது வந்த இடத்திலேயே நிரல் நின்றுவிட வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

லாரி வால் 1987-ல் பெர்லை வெளியிட்டபோது, உரைக் கோப்புகளைக் கிளறி ரிப்போர்ட் எடுப்பதே அதன் முதன்மையான வேலை. பத்து வரியில் எழுதி, ஒருமுறை ஓட்டி, தூக்கிப் போடும் நிரலுக்குத் தாராள மனசு வசதிதான். அறிவிக்காத மாறியா, பரவாயில்லை, புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். மதிப்பே இல்லாததைக் கூட்டச் சொன்னால் சுழியம் என்று வைத்துக்கொள்ளும். ஆனால் அந்தப் பத்து வரி பத்து வருடம் ஓடி ஐயாயிரம் வரியாக வளர்ந்த பிறகும் அதே தாராளத்தோடு இருந்தால் பணம் காணாமல் போகும். எச்சரிக்கைகளை இயக்கும் ஆப்ஷன் கட்டாயமில்லை என்பதை பெர்லின் சொந்தக் கையேடே ‘குறைகள்’ பகுதியில் ஒரு குறையாக எழுதி வைத்திருந்தது. 2010-ல் வந்த 5.12 முதல், பதிப்பு எண்ணைச் சொல்லி நிரலைத் தொடங்கினால் ‘ஸ்ட்ரிக்ட்’ தானாகவே வரும். எச்சரிக்கைகளும் அதேபோல் தானாக வர 2022-ல் வெளியான 5.36 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்னும் பழைய பதிப்பிலேயே ஓடும் சர்வர்கள் நிறைய. அங்கெல்லாம் இதைக் கையால்தான் எழுத வேண்டும்.

‘ஸ்ட்ரிக்ட்’ பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அறிவிக்காத மாறி, மேற்கோள் இல்லாத வெறும் சொல், ஒரு சரத்தையே மாறியின் பெயராக வைத்து அதன் மதிப்பை எடுப்பது ஆகிய மூன்றையும் அது தடுக்கும். ‘டோட்டல்’ என்ற மாறியில் ஓர் எழுத்தை விட்டுவிட்டால் நிரல் ஓடவே தொடங்காது. இதை வேண்டாம் என்று சொல்ல இன்றைக்கு ஒரு காரணமும் இல்லை.

எச்சரிக்கைகள் விஷயத்தில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. 2000-ல் வந்த 5.6-க்கு முன்னால் கட்டளை வரியில் போடும் ஆப்ஷன்தான் வழக்கமான வழி. அது நிரல் முழுக்கப் பாயும்; நீங்கள் எழுதாத, வெளியிலிருந்து எடுத்த மாட்யூல்களுக்குள்ளும் புகுந்து அவற்றின் எச்சரிக்கைகளையும் உங்கள் தலையில் கொட்டும். 5.6-ல் வந்த ‘யூஸ் வார்னிங்ஸ்’ எழுதிய ஃபைலோடு, அல்லது அடைப்புக்குறிக்குள் போட்டால் அந்தத் துண்டோடு நின்றுகொள்ளும். வகை வகையாகவும் பிரித்துக் கேட்கலாம். எண் அல்லாததை எண்ணாக்குவது ஒரு வகை, மதிப்பில்லாத மாறியைப் பயன்படுத்துவது இன்னொன்று, மூடிய ஃபைலில் எழுதப் போவது வேறொன்று. எந்தெந்த வகை நிரலை நிறுத்த வேண்டும் என்பதையும் அதே வரியில் சொல்லிவிடலாம்.

நான் நிறுத்தச் சொல்வது நான்கைந்து வகைகளைத்தான். மேலே சொன்ன மூன்றோடு, திறக்காத ஃபைலிலிருந்து படிப்பது, சரத்தின் நீளத்தைத் தாண்டி வெட்டப் போவது ஆகியவை. கடைசியாகச் சொன்னதை லேசாக நினைக்க வேண்டாம். வங்கிகளிலிருந்து வரும் ஃபைல்கள் பல இன்னும் நிலையான அகல வடிவத்தில்தான் வருகின்றன: முதல் இத்தனை எழுத்து கணக்கு எண், அடுத்த இத்தனை எழுத்து தொகை. பதிவிறக்கம் பாதியில் அறுந்துபோனால் கடைசி வரி குட்டையாக இருக்கும். தொகை இருக்க வேண்டிய இடத்தில் வரியே இருக்காது. நிற்கச் சொல்லாத ஸ்கிரிப்ட் அதைச் சுழியத் தொகையாக எடுத்துக்கொண்டு போகும்.

‘எல்லாவற்றையும் ஃபேட்டல் ஆக்கு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் ஆசை வரும். சொந்த மெஷினிலும் டெஸ்ட் சர்வரிலும் தாராளமாகச் செய்யுங்கள். நிஜ சர்வரில் வேண்டாம். பெர்லின் ஆவணமும் இதைத் தவிர்க்கச் சொல்கிறது. தன்னைத்தானே அழைக்கும் ஒரு சார்பு நூறு மட்டம் ஆழம் போனால் பெர்ல் எச்சரிக்கும். ஆழமான ஃபோல்டர் மரத்தையோ பொருள் பட்டியலையோ சரியாகவே நடந்து செல்லும் நிரல்கூட அந்த நூறில் செத்துப்போகும். பதிப்பு மாறும்போது வருவது அதைவிட மோசம். 2013-ல் வந்த 5.18, ‘ஸ்மார்ட்மேட்ச்’ போன்ற சில வசதிகளைப் பரிசோதனை நிலையில் இருப்பவை என்று சொல்லிப் புதிதாக எச்சரிக்கத் தொடங்கியது. அதுவரை நன்றாக ஓடிய நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் எல்லாமே ஃபேட்டல் என்று எழுதியிருந்தால், பெர்லை அப்கிரேடு செய்த அன்றே அது ஓட மறுக்கும்.

மற்றவர்கள் பயன்படுத்தும் மாட்யூல் எழுதுபவர்களுக்கு இன்னும் கூடுதல் பொறுப்பு. என் ஸ்கிரிப்ட் எங்கே நிற்கலாம் என்பது என் முடிவு. உங்கள் ஸ்கிரிப்ட் எங்கே நிற்க வேண்டும் என்பதை என் மாட்யூல் முடிவுசெய்யக் கூடாது. ‘மூ’ என்ற பெர்ல் மாட்யூல் தன்னைப் பயன்படுத்தும் நிரல்களிலும் எச்சரிக்கைகளை ஃபேட்டல் ஆக்கி வந்தது. 2015-ல் வந்த 2.0 பதிப்பில் அந்த வழக்கத்தைக் கைவிட்டது. சரியான முடிவு.

எச்சரிக்கையை ஃபேட்டல் ஆக்கியதும் அடுத்து ஒரு ஆபத்து காத்திருக்கிறது. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் வந்து, “அண்ணா, மதிப்பில்லைன்னு நின்னுடுச்சு, டீஃபால்ட்டா ஜீரோ போட்டுட்டேன், இப்ப ஓடுது” என்பான். ‘மதிப்பு இல்லையென்றால் இதை எடுத்துக்கொள்’ என்னும் இரட்டைச் சாய்கோடு பெர்லில் 2007-ல், 5.10 பதிப்பில் வந்தது. அருமையான வசதி. அதை வைத்து எச்சரிக்கையின் வாயை அடைக்கும்போதுதான் கெடுதி. மதிப்பு இல்லை என்று பெர்ல் சொல்வது உண்மையில் ஒரு கேள்வி: இந்த ஊழியருக்கு இந்த மாதம் சம்பளம் சுழியமா, அல்லது சம்பள விவரமே வந்து சேரவில்லையா? இரண்டும் வேறு வேறு. முதலாவது என்றால் சுழியம் போடலாம். ஏன் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதியும் வைக்கலாம். இரண்டாவது என்றால் நிற்கத்தான் வேண்டும். பதில் தெரியாவிட்டால், தெரிந்தவர் கணக்குப் பிரிவிலோ ஸ்டோரிலோ இருப்பார், அவரைப் போய்க் கேட்க வேண்டும். நான் எங்கள் பையன்களிடம் சொல்வது: டீஃபால்ட் போடுமுன் யாரைக் கேட்டாய் என்று சொல்.

எச்சரிக்கைகளின் கண்ணில் படாத தவறுகளும் உண்டு. ஃபைலைத் திறக்க முடியாவிட்டால் பெர்ல் ‘இல்லை’ என்று ஒரு மதிப்பைத் திருப்பித் தருமே தவிர, தானாக நிற்காது. ஒவ்வொரு வரியிலும் ‘இல்லையென்றால் செத்துப்போ’ என்று எழுதுவது பழைய வழி. 2009-ல் வெளியான 5.10.1 முதல் பெர்லோடு சேர்ந்தே வரும் ‘ஆட்டோடை’யை மேலே ஒருமுறை எழுதிவிட்டால் திறப்பது, மூடுவது, பெயர் மாற்றுவது, அழிப்பது எல்லாம் தோற்ற இடத்திலேயே நிற்கும். ஃபைலில் எழுதும் ‘பிரிண்ட்’ மட்டும் இதில் அடங்காது. டிஸ்க் நிரம்பிவிட்டால் அந்தத் தோல்வி பல சமயம் ஃபைலை மூடும்போதுதான் வெளியே வரும். எழுதியது அதுவரை பஃபரில் கிடக்கும். அதனால் ஃபைலை வெளிப்படையாக மூடுங்கள், மூடியது சரியாக முடிந்ததா என்று பாருங்கள். டேட்டாபேஸுக்கு ‘டிபிஐ’ பயன்படுத்தினால், பிழை வந்ததும் நிறுத்தும் ‘ரெய்ஸ்எரர்’ இயல்பில் அணைந்தே இருக்கும். இணைப்புக் கொடுக்கும் வரியிலேயே அதை இயக்குங்கள்.

நிற்பதற்கும் ஒழுங்கு வேண்டும். பாதி எழுதிய ரிப்போர்ட்டை மேலாளர் காலையில் திறந்து பார்த்தால், நின்றதால் என்ன லாபம்? அதனால் முடிவுகளை முதலில் அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிகப் பெயரில் எழுதி, எல்லாம் முடிந்தபின் உண்மைப் பெயருக்கு மாற்றுவோம். டேட்டாபேஸ் என்றால் ஒரே டிரான்ஸாக்ஷன்; நின்றால் எல்லாம் பழைய நிலைக்குப் போகும். ஃபேட்டல் எச்சரிக்கையை இந்த இரண்டும் இல்லாமல் தனியாகக் கொண்டுவருவதை நான் ஆதரிக்க மாட்டேன். இன்னொன்று: நீங்களே எழுதும் பிழைச் செய்தியின் கடைசியில் புதிய வரிக் குறியைப் போடாதீர்கள். போடாவிட்டால்தான் ஸ்கிரிப்டின் வரி எண்ணையும், படித்துக்கொண்டிருந்த ஃபைலின் வரி எண்ணையும் பெர்ல் தானே சேர்த்துத் தரும். தூக்கக் கலக்கத்தில் போன் எடுப்பவருக்கு அந்த இரண்டு எண்களும் பெரிய உதவி.

பேஷ் ஸ்கிரிப்டுகளிலும் இதே கதைதான். டேட்டாபேஸை டம்ப் எடுத்து, குழாய் வழியாக ஜிஜிப்புக்கு அனுப்பி, சுருக்கிய ஃபைலாகச் சேமிக்கும் ஒற்றை வரி எல்லா ஊரிலும் இருக்கிறது. டம்ப் எடுக்கும் கட்டளை பாஸ்வேர்டு தவறி விழுந்தாலும், கடைசியில் இருக்கும் ஜிஜிப் வெற்றிகரமாக முடிந்ததால் மொத்த வரியும் வெற்றி என்றே ஷெல் கணக்கெடுக்கும். ஒன்றுமே வராத உள்ளீட்டை ஜிஜிப் சுருக்கினால் 20 பைட் ஃபைல் கிடைக்கும். பேக்கப் ஃபோல்டரில் 20 பைட் ஃபைல்கள் தேதி வாரியாக அடுக்கியிருந்ததை ஓர் அலுவலகத்தில் பார்த்தேன். ‘பைப்ஃபெயில்’ என்ற ஆப்ஷனை இயக்கினால் குழாயின் எந்தக் கண்ணி விழுந்தாலும் தோல்வி என்று தெரியவரும். கட்டளை தோற்றால் நிறுத்தும் ‘இ’, அறிவிக்காத மாறியைக் கண்டால் நிறுத்தும் ‘யு’ ஆகிய ஆப்ஷன்களையும் சேர்த்து ஸ்கிரிப்டின் முதல் வரிகளிலேயே எழுதுவோம்.

ஆனாலும் அவற்றின் எல்லை தெரிந்திருக்க வேண்டும். 2015 ஜனவரியில் லினக்ஸில் ஓடும் ‘ஸ்டீம்’ என்ற கேம் மென்பொருளின் ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்று, ஃபோல்டர் பெயர் இருக்க வேண்டிய மாறி காலியாகிவிட, வேர் அடைவிலிருந்தே எல்லாவற்றையும் அழிக்கத் தொடங்கிப் பயனரின் ஃபைல்களைத் துடைத்தது. அங்கே மாறி அறிவிக்கப்பட்டுத்தான் இருந்தது, மதிப்புதான் காலி. அதனால் ‘யு’ அதைப் பிடித்திருக்காது. ஃபோல்டருக்குள் நுழையும் கட்டளை தோற்ற இடத்திலேயே ‘இ’ நிறுத்தியிருக்கும். அழிக்கும் வரியில் மாறியோடு முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் சேர்த்து எழுதினால், காலியாக இருந்தாலும் ஷெல் நின்றுவிடும். அழிக்கும் கட்டளை இருக்கும் ஒவ்வொரு வரியிலும் இதை எழுதுங்கள். ‘இ’யையும் முழுசாக நம்ப முடியாது. ஒரு சார்பை ‘இஃப்’ நிபந்தனைக்குள் அழைத்தால், அந்தச் சார்பின் உள்ளே ‘இ’ வேலையே செய்யாது. ஷெல் ஸ்கிரிப்டிலுள்ள தவறுகளைச் சுட்டிக்காட்டும் ‘ஷெல்செக்’ கருவியை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

பழைய ஸ்கிரிப்டில் இதையெல்லாம் ஒரே நாளில் இயக்கினால் மறுநாள் காலை ஒன்றும் ஓடியிருக்காது. எல்லோரும் சேர்ந்து பழையபடி அணைத்துவிடுவார்கள். முதலில் எச்சரிக்கைகளை இயக்கி, அவற்றைத் தனி லாக்கில் சேருங்கள். ஒரு மாதக் கடைசி கடந்து போகட்டும். விசித்திரமான தரவெல்லாம் அப்போதுதான் வரும். பிறகு ஒரு வகையை எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் பதில் கண்டுபிடித்து, லாக் சுத்தமானதும் அந்த வகையை மட்டும் ஃபேட்டல் ஆக்குங்கள். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், எண் அல்லாததை எண்ணாக்கும் வகை. பணம் அங்கேதான் போகிறது. உங்கள் சர்வரில் இன்று இரவு ஓடவிருக்கும் கூட்டல் கணக்கு ஸ்கிரிப்டைத் திறந்து, அந்த ஒரு வகையாவது அதில் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.