குளிர்தேசத் திராட்சை: ஒரு மாணவிக்குக் கடிதம்

அன்பு மாணவிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படிப்பு, அறைத்தோழிகள், மின்னசோட்டாவின் முதல் பனி எல்லாவற்றையும் படித்து மகிழ்ந்தேன். ஆனால் கடைசிப் பக்கத்துக் கேள்விதான் என்னை விடவில்லை. நீ பயிற்சிக்குப் போகும் பண்ணைக்காரர் புதிதாக ஒயின் திராட்சை நடப்போகிறார் என்றும், நாற்றங்கால் விலைப்பட்டியலில் ஒவ்வொரு ரகத்துக்கும் எதிரே அது தாங்கும் குளிரின் அளவு அச்சிடப்பட்டிருக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். "எங்கள் பகுதியின் மிகக் குறைந்த வெப்பநிலையைப் பார்த்து, அதைத் தாங்கும் ரகத்தைத் தேர்ந்தெடுத்தால் போதுமா ஐயா?" என்று கேட்கிறாய்.

போதாதம்மா. குளிர்தேசத்தில் திராட்சை வைத்து நொந்துபோனவர்களில் பலர் இந்த ஒரே எண்ணை நம்பித்தான் நட்டார்கள். அந்த எண்ணின் மீது எனக்கு இருக்கும் கோபத்தை இந்தக் கடிதத்தில் நீ பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உறக்கநிலை, குளிர்மணி நேரம் இதெல்லாம் உனக்குத் தெரியும், அவற்றுக்குள் போகவில்லை. குளிர் தாங்கும் அளவு என்பது காயின் நிறம் போலவோ இலையின் வடிவம் போலவோ ரகத்துக்கு நிலையாக அமைந்த குணம் என்று நினைக்காதே. அது மாதத்துக்கு மாதம், சில சமயம் வாரத்துக்கு வாரம் மாறுகிறது. ரீஸ்லிங்கை எடுத்துக்கொள். அக்டோபரில் அதன் மொட்டு மைனஸ் 10 டிகிரியை ஒட்டிய குளிரிலேயே செத்துவிடக்கூடும். ஜனவரியில் அதே மொட்டு மைனஸ் இருபதுகளின் நடுப்பகுதி வரை தாக்குப்பிடிக்கும். மே மாதத்தில் இலை விரிந்துவிட்டால் மைனஸ் 2, 3 டிகிரியே அதற்கு எமன். விலைப்பட்டியலில் அச்சிடுவது ஜனவரியின் எண்ணை மட்டும். மற்ற பதினொரு மாதத்துக்கு யார் பதில் சொல்வது?

மொட்டு எப்படித் தாங்குகிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நடுக்குளிர்காலத்தில் மொட்டுக்கு உள்ளே இருக்கும் நீர் உறைநிலைக்கு வெகு கீழே போனாலும் பனிக்கட்டியாகாமல் திரவமாகவே நிற்கிறது. ஓர் எல்லை தாண்டியதும் சட்டென்று உறைகிறது; அந்தக் கணத்தில் சிறிது வெப்பம் வெளிப்படுகிறது. ஆய்வுக்கூடத்தில் மொட்டுகளைப் படிப்படியாகக் குளிரவைத்து, இந்த வெப்பத் துள்ளலை அளந்துதான் எத்தனை டிகிரியில் பாதி மொட்டுகள் சாகின்றன என்று கணிக்கிறார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தார் குளிர்காலம் முழுவதும் தொடர்ந்து இப்படி அளந்து வெளியிடுகிறார்கள். அந்த வரைபடத்தை ஒருமுறை எடுத்துப் பார். இலையுதிர்காலத்தில் கோடு கீழே இறங்கும், ஜனவரியில் அடியைத் தொடும், பிப்ரவரியில் நாலு நாள் வெயில் அடித்தால் மேலே ஏறிவிடும். ஏறிய கோடு மறுபடி பழைய ஆழத்துக்கு முழுதாக இறங்குவதில்லை. உறக்கம் கலையத் தேவையான குளிர்மணி நேரம் நிறைந்துவிட்ட கொடிக்கு, வெதுவெதுப்பான ஒரு வாரம் என்பது கவசத்தைக் கழற்றச் சொல்லும் கட்டளை.

கனடாவின் ஒகனாகன் பள்ளத்தாக்கில் 2024 ஜனவரியில் நடந்ததைப் படித்துப் பார். அதற்கு முந்தைய டிசம்பர் முழுவதும் மிதமாக இருந்தது. ஜனவரி நடுவில் சில நாட்களுக்குள் மைனஸ் 25 டிகிரிக்கும் கீழே போயிற்று. அந்த ஆண்டின் விளைச்சல் ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. ஒயின் ஆலைகள் வெளியிடங்களிலிருந்து திராட்சை வாங்கி அந்த வருடத்தை ஓட்டின. குளிரின் ஆழத்தை மட்டும் பார்க்காதே. அது எந்த வெப்பத்துக்குப் பின்னால் வந்தது என்பதைப் பார்.

இப்போது எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன்: ரிப்பாரியா. வட அமெரிக்காவின் ஆற்றங்கரைக் காட்டுத் திராட்சை. கனடாவின் மனிடோபா வரை தானாக முளைத்துக் கிடப்பது. காய் சிறியது, கறுப்பு, கடும் புளிப்பு. ஆனால் மைனஸ் 40 டிகிரி குளிர் அதை ஒன்றும் செய்வதில்லை. நீ இப்போது இருக்கும் மின்னசோட்டாவில் இன்று நடப்படும் ஒயின் ரகங்களில் பெரும்பாலானவை அதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். மின்னசோட்டாப் பல்கலைக்கழகம் 1996இல் வெளியிட்ட ஃபிரான்டினாக்கின் பெற்றோரில் ஒன்று, ஜோர்டன் என்னும் ஊருக்கு அருகே காட்டில் கிடைத்த ரிப்பாரியாக் கொடி. மற்றது லாண்டோ என்னும் பிரெஞ்சுக் கலப்பினம். மைனஸ் 36 டிகிரி அளவுக்குக் குளிர் அடித்த பிறகும் ஃபிரான்டினாக் முழு விளைச்சல் கொடுத்திருக்கிறது. 2006இல் வந்த மார்க்வெட்டின் மூதாதையரில் ரிப்பாரியாவும் உண்டு, பிரான்சின் பெருமையான பினோ நுவாரும் உண்டு.

ரிப்பாரியா தன் பிள்ளைகளுக்குக் குளிர்த் தாங்கலை மட்டும் கொடுக்கவில்லை. தன் அவசரத்தையும் சேர்த்தே கொடுத்தது. வடக்கே கோடை குறுகியது. முதல் வெப்பம் பட்டதும் எழுந்து, பூத்து, காய்த்து, விதை முற்றி, இலையுதிர்காலத்துக்குள் தண்டைப் பழுப்பாக்கிவிட்டால்தான் அந்தக் கொடி பிழைக்கும். அங்கே நடுக்குளிர்காலத்தில் இடைவெயில் அரிது. ஆகவே சிறிய வெப்பத்துக்கே விழிப்பது அதற்கு இழப்பாக இருந்ததில்லை. இது என் கருத்து. இதை வைத்துத்தான் வடக்கத்தி ரகங்கள் எல்லாவற்றையும் பார்க்கிறேன். மார்க்வெட் ஜனவரியை வெல்கிறது, மே மாதத்தில் தோற்கிறது. ஐரோப்பிய இனமான வினிஃபெராக் கொடிகள் இன்னும் உறங்கிக்கொண்டிருக்கும்போது அது தளிர்விட்டு நிற்கும். ஒரே ஓர் உறைபனி இரவில் முதன்மை மொட்டுகளின் தளிர் கருகும். இரண்டாம் மொட்டிலிருந்து கொஞ்சம் காய் வரும். அதை நம்பிக் கடன் வாங்க முடியாது. ஆகவே எந்த ரகத்தைப் பற்றியும் உன் முதல் கேள்வி, அது எத்தனை டிகிரி தாங்கும் என்பதாக இருக்கக் கூடாது. அது எந்தத் தேதியில் விழிக்கிறது என்று கேள்.

இந்த ரிப்பாரியாவை ஒயினுக்குள் கொண்டுவந்தவர்களில் தலையாயவர் ஒரு பால்பண்ணைக்காரர் என்பதை நீ வகுப்பில் கேட்டிருப்பாய். எல்மர் ஸ்வென்சன், விஸ்கான்சினில் ஒசியோலா அருகே பண்ணை வைத்திருந்தவர். 1943இல் திராட்சைக் கலப்பைத் தொடங்கினார். எடல்வைஸ், செயின்ட் க்ராய், செயின்ட் பெபின், பிரியானா எல்லாம் அவர் கை பட்டவை. அவரைத் தூண்டியது டெக்சாஸ்காரர் டி.வி. மன்சன் 1909இல் வெளியிட்ட அமெரிக்கத் திராட்சை வளர்ப்பு நூல். அந்த நூலை நான் இளமையில் படித்தபோது அதன் இலைப் படங்களில் மயங்கினேன். பிறகு படிக்கப் படிக்க அதன் முறையில் மயங்கினேன். பைலோக்சிராப் பூச்சி பிரான்சின் தோட்டங்களை அரித்தபோது, சுண்ணாம்பு மண்ணைத் தாங்கும் டெக்சாஸ் காட்டுத் திராட்சையை வேர்ச்செடியாகப் பயன்படுத்த வழிகாட்டியவர் மன்சன். பிரான்ஸ் 1888இல் அவருக்கு உயரிய விருது அளித்தது. மன்சன் இறந்தது 1913இல். ஸ்வென்சன் பிறந்ததும் அதே ஆண்டில்.

ஸ்வென்சன் மன்சனின் டெக்சாஸ் ரகங்களை அப்படியே வடக்கே நட்டு விட்டிருந்தால் அவரை இன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அவர் எடுத்துக்கொண்டது மன்சனின் முறையை: உன் மண்ணில் ஏற்கெனவே பிழைத்திருக்கும் காட்டுக்கொடி எது, அதோடு எதைக் கலந்தால் மனிதன் ஒயினாக்கிக் குடிக்கும் பழம் வரும் என்ற கேள்வியை. ஒசியோலாவின் காட்டு ரிப்பாரியாவைப் பிரெஞ்சுக் கலப்பினங்களோடு சேர்த்தார். கேட்டவர்களுக்கெல்லாம் குச்சி கொடுத்தார். இன்று உன் வகுப்பில் பலர் ரகங்களின் பெயரை மனப்பாடம் செய்கிறார்கள், வம்சத்தைப் பார்ப்பதில்லை. வம்சம் தெரியாதவனுக்கு ரகம் தெரியாது. இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

வம்சம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நீ கம்பம் பள்ளத்தாக்குப் பெண் என்பதால். உங்கள் வீட்டுப் பந்தலில் காய்க்கும் பன்னீர்த் திராட்சை, 2023இல் புவிசார் குறியீடு பெற்றது, உலகின் மற்ற இடங்களில் மஸ்கட் ஹாம்பர்க் என்று அறியப்படும் ரகம். அதை ரிப்பாரியாவோடு சேர்த்து ஸ்வென்சன் ஒரு கலப்பினம் உண்டாக்கினார். அந்தக் கலப்பினத்துக்கும் செயின்ட் பெபினுக்கும் பிறந்ததுதான் 2002இல் மின்னசோட்டாப் பல்கலைக்கழகம் வெளியிட்ட லா கிரெசென்ட். கம்பத்தில் உறக்கமே அறியாமல் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கவாத்து வாங்கிக் காய்க்கும் அதே கொடியின் பேரப்பிள்ளை, உன் விடுதிக்குப் பக்கத்தில் ஆறு மாதம் பனியில் உறங்குகிறது. அதன் ஒயினில் ஆப்ரிகாட் வாசனை எழும். கொத்திலிருந்து காய் உதிர்வதும், அடிச்சாம்பல் நோயும் அதன் குறைகள், அதையும் தெரிந்துகொள்.

அடுத்து புளிப்பு. பலர் இதை அறுவடைக்குப் பிறகுதான் யோசிக்கிறார்கள். ஃபிரான்டினாக் சர்க்கரையை ஏராளமாகச் சேர்க்கும். ஆனால் அமிலம் லிட்டருக்கு 15 கிராம் அளவில் நின்றுவிடும். நல்ல ஒயினுக்கு 6 முதல் 8, 9 கிராம் வரை போதும். சர்க்கரையைப் பார்த்துப் பறிக்கச் சொல்லும் பழக்கம் இங்கே கவிழ்த்துவிடும். அமிலம் இறங்கக் காத்திருக்கலாம் என்றால் செப்டம்பர் முடிந்ததும் இலை கருகுகிறது. மாலிக் அமிலத்தைக் குறைக்கும் நொதித்தலும் தகுந்த ஈஸ்ட்டும் உதவும். தோட்டத்தில் தேர்ந்தெடுத்த தவறை அவற்றால் முழுதாகத் திருத்த முடியாது. இதனால்தான் 2017இல் வந்த இட்டாஸ்காவை நான் பெரிதாக மதிக்கிறேன். ஃபிரான்டினாக் கிரியின் பிள்ளை, குளிர் தாங்கும், அமிலம் குறைவு, சாம்பல் நோய்களும் அதிகம் அண்டுவதில்லை.

"டாக்டர் ஃபிராங்க் ரீஸ்லிங்கையே நியூயார்க்கில் வளர்த்துக் காட்டினாரே, நமக்கென்ன?" என்று பண்ணைக்காரர் கேட்டால், பொறுமையாகப் பதில் சொல். கான்ஸ்டன்டின் ஃபிராங்க் 1951இல் அமெரிக்கா வந்தவர். உக்ரைனில் குளிர்தேசத் திராட்சையை ஆராய்ந்தவர். 1962இல் கியூகா ஏரிக்கரையில் தன் ஒயின் ஆலையைத் தொடங்கியவர். நல்ல வேர்ச்செடியும் நேர்த்தியான பராமரிப்பும் அவருடைய சாதனை. ஆனால் அவருக்குப் பக்கத்தில் ஆழமான ஏரி இருந்தது. கோடையின் வெப்பத்தை வைத்துக்கொண்டு குளிர்காலக் காற்றை மிதப்படுத்துவதும், வசந்தத்தில் குளிர்ந்து நின்று மொட்டு விழிப்பதைத் தாமதப்படுத்துவதும் அந்த நீர்தான். உன் பண்ணைக்காரரின் சோளக்காட்டுச் சமவெளியில் அந்த ஏரி எங்கே? சீனாவின் நிங்சியாவில் வினிஃபெராவை வளர்க்கிறார்கள் என்றால், ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் கொடியை வளைத்து மண்ணில் புதைத்து, வசந்தத்தில் தோண்டி எடுக்கிறார்கள். அந்தக் கூலியைக் கணக்கிட்டுப் பார், பிறகு பேசலாம்.

ஆகவே வரிசையை மாற்று. முதலில் நிலம்: சரிவா, பள்ளமா? குளிர்காற்று கனமானது, பள்ளத்தில் தேங்கும். பள்ளத்து வரிசையில் மார்க்வெட் வைப்பவன் மே மாதத்து இரவில் கவலைப்பட்டுத் தூங்காமலிருப்பான். தெற்குச் சரிவு கோடையில் நல்லது, ஆனால் கொடியைச் சீக்கிரம் எழுப்பும். இரண்டாவது, தேதிகள்: வசந்தத்தின் கடைசி உறைபனி, இலையுதிர்காலத்தின் முதல் உறைபனி, இடைப்பட்ட நாட்களில் 10 டிகிரிக்கு மேல் சேரும் வெப்பத்தின் கூட்டுத்தொகை. மூன்றாவது, ரகத்தின் விழிப்பு நாளும் பழுக்கும் நாளும். நான்காவது, அமிலமும் நோயும். ஜனவரியின் எண் ஐந்தாவது. அது தேவைதான், கதவருகே நின்று தகுதியற்றவர்களைத் திருப்பி அனுப்பும் வேலை அதற்கு. உள்ளே வந்தவர்களில் யாரைத் தேர்ந்தெடுப்பது என்று அது சொல்லாது.

என் தேர்வைக் கேட்டால்: வெள்ளைக்கு இட்டாஸ்கா. சிவப்புக்கு, டாம் பிளோச்சர் மின்னசோட்டாவில் உருவாக்கிய பெட்டீட் பெர்ல். மார்க்வெட்டை விடத் தாமதமாக விழிப்பது. மார்க்வெட்டைச் சரிவின் மேல்பாதியில் மட்டும், கம்பியை ஆளுயரத்தில் கட்டி, கவாத்தை வசந்தம் வரை தள்ளிப்போட்டு வைக்கலாம். ஒவ்வொரு கொடிக்கும் ஒரு தண்டுக்குப் பதில் இரண்டு விடச் சொல். ஒன்று குளிரில் வெடித்துக் கழலை நோய் கண்டாலும் மற்றது காக்கும். முழு நிலத்தையும் முதல் ஆண்டே நிரப்ப வேண்டாம்.

விலைப்பட்டியலை மூடி வைத்துவிட்டு, அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் போய், கடந்த பத்து வசந்தங்களில் எந்த ரகம் எந்தத் தேதியில் தளிர்விட்டது, எந்த இரவில் கருகியது என்று கேட்டு எழுதி அனுப்பு. அந்தத் தாள் கைக்கு வந்தால் ஏக்கர் கணக்கு வரை உட்கார்ந்து போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
உன் ஆசிரியர்