தெருப் பூனைகளும் நம் கடமையும்

சென்ற பௌர்ணமிக் கூட்டம் முடிந்து அன்பர்கள் கலையும் வேளையில் ஒரு வழக்கு நம் முன் வந்தது. நமது தெருவில் வாழும் முதிய உபாசிகையார் ஒருவர் நாடோறும் மாலையில் மீன் தலையுடன் சோற்றைப் பிசைந்து வாசலில் வைப்பார். ஏழெட்டுப் பூனைகள் வந்து உண்ணும். எதிர்வீட்டு இளைஞரோ மாடியில் புறா வளர்ப்பவர். இரண்டு திங்களில் ஐந்து புறாக்களைப் பூனைக்குப் பறிகொடுத்துவிட்டார்.

“பாட்டி, நீங்கள் சோறு வைப்பதால்தான் இவை இங்கே கூடுகின்றன. நிறுத்துங்கள். இல்லையேல் அத்தனையையும் சாக்கில் கட்டி ஏரிக்கரையில் விட்டுவிடுவேன்” என்றார் அவர்.

“பசித்து வந்த வாயை எப்படித் தம்பி விரட்டுவது? பஞ்சசீலம் எடுத்தவன் பேசுகிற பேச்சா இது?” என்றார் பாட்டியார்.

இருவரும் தீர்ப்பு வேண்டி நம் முகத்தைப் பார்த்தனர். சாக்கு என்ற சொல் காதில் விழுந்ததும் நமக்கு நா எழவில்லை. அதன் காரணத்தை மறைக்காமல் கூறிவிடுகிறோம்.

1993-ஆம் ஆண்டு நாம் பெங்களூரில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தோம். பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றும் பிரிவில் மாவு மூட்டைகள் கிடக்கும். மாவைத் தேடி எலி வரும், எலியைத் தேடிப் பூனை வரும். துணிச் சிப்பங்களை எலி கடிக்காமலிருக்கப் பூனை உதவிற்று என்பதால் பல ஆண்டுகள் எவரும் அவற்றைத் தீண்டவில்லை. பின்னர் அவை பெருகிச் சிப்பங்களின்மீது அசுத்தம் செய்யத் தொடங்கின. அப்புறப்படுத்துமாறு மேலிடத்து உத்தரவு வந்தது. மேஸ்திரி நால்வரைப் பொறுக்கி எடுத்தார், அவர்களுள் நாமும் ஒருவர். சாக்கில் கட்டி மிதிவண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே ஓர் ஏரிக்கரையில் அவிழ்த்துவிட்டோம். அவற்றுள் ஒன்று குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த தாய். குட்டிகள் கிடங்கின் மூலையில் மூன்று நாள் கத்தின. நான்காம் நாள் சத்தமில்லை. ஆறு மாதம் கழியுமுன் வேறு பூனைகள் வந்து கிடங்கில் குடியேறிவிட்டன. எலியும் மாவும் அங்கேயே இருந்தன அல்லவா? இடத்தைக் காலி செய்தால் அடுத்தது வரும் என்பதை அன்றே கண்ணாரக் கண்டோம்.

ஆயினும் புறா வளர்க்கும் தம்பியின் கட்சியை அலட்சியமாகத் தள்ளலாகாது. பூனையால் பறவைக்கு நேரும் கேடு மெய்யானது. தென் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மரியன் தீவு என்பது இந்துமாக்கடலின் தென்கோடியில் உள்ளது. அங்குள்ள ஆய்வு நிலையத்தில் சுண்டெலித் தொல்லை நீங்க 1940-களின் இறுதியில் ஐந்து பூனைகளைக் கொண்டுபோயினர். 1977-இல் அவை ஏறத்தாழ 3,400 ஆகிவிட்டன. ஆண்டொன்றுக்கு நாலரை இலட்சம் கடற்பறவைகள் அவற்றுக்கு இரையாயின என்று கணக்கிட்டனர். பின்னர் நோய்க்கிருமியைப் பரப்பியும், சுட்டும், பொறி வைத்தும் 1991-க்குள் எல்லாப் பூனைகளையும் ஒழித்தனர். சுண்டெலிகள் ஒழியவில்லை. அவை பிற்காலத்தில் கூட்டிலிருக்கும் பெரிய கடற்பறவைக் குஞ்சுகளை உயிரோடு கடித்துத் தின்னத் தொடங்கின! ஒரு பிழையைத் திருத்த வந்த பிழைகள் எங்கே போய் நின்றன, பாருங்கள்.

அவ்வாறு கொன்றது தகுமா என்று அன்பர்கள் கேட்பர். 1957-இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்ற நூலில் பாபாசாகேப் அம்பேத்கர் கொல்லும் தேவையையும் கொல்லும் விருப்பத்தையும் வேறாகப் பிரித்துக் காட்டினார். கூடு கட்ட வேறு இடமில்லாப் பறவைகளுக்காகத் தீவுக்காரர் செய்ததை இங்கிருந்துகொண்டு நாம் தீர்ப்பிடத் துணியவில்லை. ஆனால் நமது தெருவுக்கு அந்தத் தேவை உண்டா? ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மனிதர் கொண்டுபோகுமுன் பூனை இனமே இருந்ததில்லை. அங்குள்ள சிற்றுயிர்கள் அதற்குத் தப்பும் வகை அறியாதவை. அதனால் அந்நாட்டார் தெருப்பூனையை ஒழிக்கத்தக்க பகை என்று எண்ணுகின்றனர். துருக்கியின் இஸ்தான்புல் நகரத்தாரோ கடை வாசலில் உணவும் நீரும் வைத்து அதனை ஊர்ப்பிள்ளையாக வளர்க்கின்றனர். நம் நாட்டில் காட்டுப்பூனைகள் தொன்றுதொட்டு உள்ளன. ஆதலின் தீவுக்காரர் நியாயம் இங்கே அப்படியே பொருந்தாது. ஆயினும் ஏரியோரம் தரையில் முட்டையிடும் குருவிக்கு நமது வீட்டுப் பூனையும் எமனே.

இனிப் பாட்டியாரின் கட்சி. சோறிடுவது தானம், ஐயமில்லை. ஆனால் பெட்டைப் பூனை பிறந்த ஐந்தாறு மாதத்திலேயே சினைப்படும், ஒன்பது வாரத்தில் ஈனும். ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்று, ஈற்றுக்கு நான்கு குட்டி எனக் கொண்டால் சோறு தின்று வளர்ந்த ஒரு பூனை எத்தனை உயிரைத் தெருவில் விடுகிறது! அவற்றில் பாதிக்கு மேல் வண்டிச் சக்கரத்திலும் நாய் வாயிலும் பேதி நோயிலும் மடிவதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்? கையில் சோறு இருக்கிறது, கண்ணில் பார்வை இல்லை என்று பாட்டியாரிடமே சொன்னோம். வருந்தினார். பின்பு, “அப்படியானால் என்னப்பா செய்வது?” என்று கேட்டார்.

செய்ய வேண்டியது இதுதான்: சோறு வைக்கும் கையே கூண்டும் வைக்க வேண்டும். பூனையைக் கூண்டில் பிடித்து, கால்நடை மருத்துவரிடம் கருத்தடை அறுவை செய்வித்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த தெருவிலேயே விடுவது ஒரு முறை. மீண்டும் அதையே பிடிக்காமலிருக்க மயக்கத்தில் இருக்கும்போதே ஒரு காதின் நுனியைச் சிறிது கத்தரித்துவிடுவர். அதன்பின் அது தன் இடத்தைக் காத்துக்கொண்டு வாழும், குட்டி ஈனாது. தெருவின் பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குச் செய்தால்தான் தொகை குறையும். ஒன்றிரண்டுக்குச் செய்துவிட்டுத் திருப்தியடைவதில் பயனில்லை.

உடன் சில செய்திகள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காது, கழிச்சல் உண்டாகும், தண்ணீரே போதும். காய்ச்சல் மாத்திரையான பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சு. பூனை கடித்தாலோ கீறினாலோ சோப்பு நீரால் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனை செல்லுங்கள். மஞ்சள் அப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். பட்டினி கிடக்கும் நிலையில் பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நஞ்சிட்டுக் கொல்வோர்க்குப் பாரதிய நியாய சம்ஹிதையின் 325-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. சாக்கு தூக்கியவர்களுக்கு அன்று இவற்றை எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்போமா என்பதும் தெரியாது.

அன்றிரவே இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். தம்பி புறாக்கூண்டுக்கு இரும்பு வலை அடித்து, மாலை ஆறு மணிக்குள் பறவைகளை அடைத்துவிடுகிறார். பாட்டியார் சோற்றை ஒரே வேளையில் வைத்து, அரைமணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுகிறார், எலி கூடாமலிருக்க. அறுவைச் செலவுக்குச் சங்கத்தில் உண்டியல் வைத்தோம். பொறிக்கூண்டைத் தூக்கி வருபவர் அதே தம்பிதான். இதுவரை ஐந்து பூனைகளுக்குக் காது நுனி கத்தரித்தாகிவிட்டது. சாம்பல் நிறக் கிழட்டுக் கடுவன் ஒன்று மட்டும் கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்து, மீன் வாசனையை முகர்ந்துவிட்டு, சுவர்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. வெள்ளிக்கிழமை இரவு மீண்டும் கூண்டு வைக்கவிருக்கிறோம்.