மார்க்கோ மத்தராட்ஸி: பெர்லின் முதல் சென்னை வரை



இந்நாட்டிற் பிறந்து வளரும் உங்களிடம் மத்தராட்ஸி என்னும் பெயரைக் கூறினால் முகஞ் சுளிப்பீர்கள். 2006 யூலை 9 ஆம் நாள் பெர்லினில் நடைபெற்ற உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் ஸினடின் ஸிடான் தலையால் முட்டி வீழ்த்திய இத்தாலியர் அவரே. அம்மனிதரே பின்னாளில் தமிழகத்தின் சென்னைக்குக் கிண்ணம் பெற்றுக் கொடுத்தார் என்பதை உங்களிற் சிலரே அறிவர்.

1973 இல் இத்தாலியின் லெச்சே நகரிற் பிறந்த இவருடைய தந்தையாரும் உதைபந்தாட்ட வீரராயிருந்து பயிற்றுநரானவர். தந்தை பெயர் பெற்றவராயினும் மகனுக்குப் பெருங்கழகங்களின் கதவு இலகுவில் திறக்கவில்லை. சிசிலித் தீவின் மார்சாலா, திராப்பானி முதலிய கழகங்களில், கீழ்ப் பிரிவுகளிலேயே அவர் தொழில் பயின்றார். ஒபர்வில்லியே மைதானங்களிற் பந்துதைக்கும் எம் மாணவர்கள் இப்பகுதியை இருமுறை வாசிப்பார்களாக! பின்காப்பு வீரராயிருந்தும் 2000-2001 பருவத்தில் பெரூஜியா கழகத்துக்காக இத்தாலிய முதற்பிரிவில் 12 கோல்கள் அடித்தார். அதன் பின்னரே மிலான் நகரின் இன்ரர் கழகம் அவரை அழைத்துக்கொண்டது.

இனி அந்த இறுதியாட்டம். பிரான்சுக்குத் தண்டனை உதை கிடைக்கக் காரணமானவரும் இவரே. சிறிது நேரத்தில் மூலை உதையிலிருந்து தலையாலடித்துச் சமநிலை செய்தவரும் இவரே. மேலதிக நேரத்தில் ஸிடானின் சகோதரியை இழிவுபடுத்தும் சொல்லொன்றைக் கூறியதைப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். அச்சொல்லுக்கு நியாயம் கற்பிக்க நான் முன்வரேன். உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் முட்டியவருக்கு மூன்று ஆட்டத் தடையும் 7,500 சுவிஸ் பிராங் தண்டமும், சொன்னவருக்கு இரண்டு ஆட்டத் தடையும் 5,000 பிராங் தண்டமும் விதித்தது. அடிக்கும் சொல்லுக்குமிடையே வேற்றுமை அவ்வளவே! 2012 இல் பாரிஸ் பொம்பிடு நிலையத்தின் முன் அக்காட்சியை ஐந்து மீற்றர் உயர வெண்கலச் சிலையாக நிறுத்தினர்; பின்னர் அது கட்டார் நாட்டுக்குச் சென்றது.

2011 இல் ஓய்வு பெற்றிருந்தவரை, 2014 இல் புதிதாகத் தோன்றிய சென்னையின் எப்.சி. வீரராகவும் பயிற்றுநராகவும் ஒருங்கே அமர்த்தியது. முதலாண்டில் அணி புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெற்றும் அரையிறுதியிற் கேரள அணியிடம் தோற்றது. மறு ஆண்டு நிலைமை மிக மோசம். அணி பட்டியலின் அடியிற் கிடந்தது. அங்கிருந்து தொடர்ந்து நான்கு ஆட்டங்களை வென்று அரையிறுதிக்கு ஏறியது. அவ்வேளையிற்றான் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. சொந்த ஊரில் ஆட வழியின்றி, 2015 டிசெம்பர் 12 இல் கொல்கத்தாவுக்கு எதிரான ஆட்டத்தைப் பூனே நகரில் ஆடி 3-0 என வென்றனர். ஊரிழந்து வேற்றூரில் ஆடுவது எத்தகையது என்பதை உங்கள் பெற்றோரிடம் கேட்டறிக.

டிசெம்பர் 20 இல் கோவாவில் இறுதியாட்டம். முடிவை நெருங்குகையிற் சென்னை 1-2 எனப் பின்னின்றது. அரங்கம் முழுதும் கோவாவின் ஆரவாரம். 90 ஆம் நிமிடத்தில் கோவாக் காப்பாளரின் கைதவறிப் பந்து வலைக்குட் சென்றது. மேலதிக நிமிடங்களில் கொலம்பிய வீரர் மென்டோசா மூன்றாவது கோலை அடித்தார். 3-2!

அடுத்த ஆண்டு அணி ஏழாம் இடத்துக்கு இறங்கியது. 2017 மார்ச்சில் மத்தராட்ஸி சென்னைக் கழகத்திலிருந்து விடைபெற்றார்.