சங்கத்திற்கு ஆயில் எஞ்சின் வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

ஆயில் எஞ்சின் வாங்கப் புறப்படுவோர் சாதாரணமாக விசாரிப்பவை மூன்று. விலை என்ன, குதிரை சக்தி எவ்வளவு, மணிக்கு எவ்வளவு டீசல் செலவாகும் என்பனவே அவை. இம்மூன்றும் அவசியமான கேள்விகளே. ஆயினும் நான்காவதாக ஒரு கேள்வி உண்டு. அதைக் கேட்பவர் சிலரே. எஞ்சினைச் சுத்தம் செய்யவும் பழுது பார்க்கவும் வேண்டிய உறுப்புகளைக் கை எட்டுமா என்பதே அக்கேள்வி.

தனி ஒருவருடைய எஞ்சின் நின்றால் அவருடைய வயல் மட்டும் காயும். பத்துப் பேர் சேர்ந்து சங்கத்தின் மூலம் வாங்கிய எஞ்சின், கதிர் வாங்கும் சமயத்தில் நாலு நாள் நின்றுவிடுமானால், பத்துக் குடும்பங்களின் விளைச்சல் குறையும். கடன் தவணை தவறும். முறை வந்தவருக்கும் வராதவருக்கும் மனஸ்தாபம் ஏற்பட்டு, சங்கமே கலையினும் கலையும். ஆகையால் இவ்விஷயத்தைக் கொள்முதலுக்கு முன்னரே ஆலோசிப்பது அங்கத்தினர் கடமையாகும்.

தமிழ்நாட்டுக் கிணறுகளுக்கு எஞ்சின் புதியதன்று. 1900-க்குப் பிந்திய சில ஆண்டுகளில் ஆல்பிரெட் சாட்டர்டன் என்பார் சென்னை மாகாணத்தில் எண்ணெயால் ஓடும் எஞ்சின்களைக் கொண்டு நீரிறைக்கும் முறையைப் பரப்பினார். 1932-ல் பைகாரா மின்சாரம் வந்தபின் மின் மோட்டார்கள் பெருகின. ஆயினும் மின்கம்பி எட்டாத நிலங்களிலும், மின்சாரம் நின்றுபோகும் வேளைகளிலும், ஆற்றிலும் குளத்திலும் இடம் மாற்றி இறைக்க வேண்டிய இடங்களிலும் டீசல் எஞ்சினுக்கு இன்றும் வேலை உண்டு.

1. எஞ்சின் எதனால் கெடுகிறது

பெட்ரோல் எஞ்சினில் உள்ளதுபோல் டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. உள்ளே இழுக்கப்பட்ட காற்றை பிஸ்டன் வெகுவாக அழுத்த, அக்காற்று கடுஞ்சூடு அடைகிறது. அச்சமயம் நாஸிலின் வழியாக டீசல் மிக நுண்ணிய தூவலாய்ப் பாய்ந்து தானே பற்றி எரிகிறது. இதிலிருந்து மூன்று விஷயங்கள் விளங்கும். காற்றில் புழுதி இருப்பின் சிலிண்டரும் பிஸ்டன் வளையங்களும் தேயும், அழுத்தம் குறையும். டீசலில் தூசியோ நீரோ இருப்பின் பம்பும் நாஸிலும் கெடும். மசகு எண்ணெய் அழுக்கடைந்தாலோ குறைந்தாலோ பேரிங்குகள் கெடும். ஆகவே சுத்தமான காற்று, சுத்தமான டீசல், சுத்தமான மசகு எண்ணெய் ஆகிய இம்மூன்றையும் காப்பதே எஞ்சினைக் காப்பதாகும். இவற்றின் வடிகட்டிகள் கைக்கு எளிதில் எட்டாத இடத்தில் இருந்தால், அவ்வேலையை ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று ஒத்திப்போடுவது மனித சுபாவம். எட்டும் இடத்தில் இருந்தால் வேலை நடக்கும்.

2. வேலைக்குத் தக்க சக்தி

பெரிய எஞ்சினே நல்லதென்று எண்ணுதல் தவறு. வினாடிக்கு 10 லிட்டர் தண்ணீரை, குழாய் உராய்வும் உட்பட மொத்தம் 10 மீட்டர் உயரத்திற்கு ஏற்ற வேண்டுமென வைத்துக்கொள்வோம். தண்ணீரை உயர்த்த மட்டும் வேண்டிய சக்தி சுமார் 1.3 குதிரை சக்தி. பம்பு நூற்றுக்கு 60 பங்கு திறமையுடன் வேலை செய்யுமாயின் எஞ்சின் தர வேண்டியது சுமார் 2.2 குதிரை சக்தி. பெல்ட்டில் வீணாவதற்கும் கைம்மிச்சத்திற்கும் இடம் விட்டு 3 குதிரை சக்தி எஞ்சின் போதும். இது மணிக்கு 36,000 லிட்டர் இறைக்கும். ஓர் ஏக்கரில் 5 சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் பாய்ச்ச ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம் ஆகும்.

இவ்வேலைக்கு 8 குதிரை சக்தி எஞ்சினை வாங்கினால் அது எப்போதும் அரைச்சூட்டிலேயே ஓடும். டீசல் முழுதும் எரியாமல் நாஸிலிலும் வால்வுகளிலும் கரி படியும். சரியான சுமையில் ஓடும் சிறிய டீசல் எஞ்சின், குதிரை சக்தி ஒன்றுக்கு மணிக்குக் கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவே டீசல் செலவிடும். 5 குதிரை சக்திக்கு ஒரு லிட்டருக்குச் சிறிது மேல் என்று கணக்கிடலாம்.

3. வேகமும் எடையும்

இங்கிலாந்தில் டர்ஸ்லியில் லிஸ்டர் கம்பெனியார் செய்து 1930-களில் பரவிய மெதுவேக எஞ்சினின் மாதிரியைப் பின்பற்றி, ராஜ்கோட்டில் பலர் எஞ்சின் செய்துவந்துள்ளனர். இது நிமிஷத்திற்குச் சுமார் 650 சுற்றுச் சுழலும். வேறு எஞ்சின்கள் 1,500 சுற்றும், காற்றால் குளிரும் இலேசான எஞ்சின்கள் சில 3,000 சுற்றும் சுழல்வன. எட்டு மணி நேரத்தில் முதலாவது 3,12,000 சுற்றும், இரண்டாவது 7,20,000 சுற்றும், மூன்றாவது 14,40,000 சுற்றும் சுழலும்.

மெதுவேக எஞ்சின் சில நூறு கிலோ எடையுள்ளது; அஸ்திவாரம் கட்டி ஒரே இடத்தில் வைப்பதற்கே ஏற்றது. ஆனால் அதன் பக்கத்துக் கதவைத் திறந்தால் பெரிய பேரிங்கு கண்ணுக்குத் தெரியும், கையும் நுழையும். வேக எஞ்சின் இலேசானது. இருவர் மூவர் தூக்கலாம். ஆயினும் உறுப்புகள் நெருக்கமாக இருப்பதால் சிறு வேலைக்கும் பல பாகங்களைக் கழற்ற நேரிடலாம். ஒரே கிணற்றுக்கு ஆண்டெல்லாம் இறைப்பதாயின் முன்னதும், கிணற்றுக்குக் கிணறு கொண்டுபோவதாயின் பின்னதும் அனுகூலம்.

4. எஞ்சினை எங்கே வைப்பது

எஞ்சினைச் சுற்றி நாற்புறமும் மூன்றடி இடம் விட வேண்டும். ஹாண்டில் சுழற்றும் பக்கத்தில் அதற்கும் அதிகம் வேண்டும். பிஸ்டனையும் அதன் தண்டையும் மேல்நோக்கி உருவும் அமைப்பாயின், கொட்டகைக் கூரை அதற்கு இடம் தர வேண்டும். மேலே ஓர் உறுதியான விட்டம் இருப்பின் சங்கிலி கட்டித் தூக்கலாம். எண்ணெய் வடிக்கும் திருகின் கீழ் ஒரு தட்டு நுழையுமளவு அஸ்திவாரம் உயர்ந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது கிணற்றுக்குள் எஞ்சினை இறக்கும் வழக்கம். காற்றின் அழுத்தம் தண்ணீரை 10.3 மீட்டருக்குமேல் தாங்காது; நடைமுறையில் சாதாரணப் பம்பு 6 முதல் 7 மீட்டர், அதாவது இருபது அடிக்குச் சற்று மேல், ஆழத்திலிருந்துதான் உறிஞ்சும். கோடையில் நீர் இறங்க இறங்கப் பம்பையும் கீழே இறக்க வேண்டியதாகிறது. பம்போடு எஞ்சினையும் கிணற்றின் இடைத்தட்டில் இறக்கிவிடுவோர் உளர். அங்கே எஞ்சின் தன் புகையையே மீண்டும் இழுக்கிறது; பழுது பார்க்க நிற்க இடமில்லை; தவறினால் கிணற்றில் விழ வேண்டியதுதான். இவற்றைவிடக் கொடியது புகை. கார்பன் மோனாக்ஸைடு என்னும் நஞ்சுவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. எஞ்சின் ஓடும் கிணற்றில் இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழுந்து, ஒரே வீட்டில் இருவர் மூவர் மாண்ட துயரம் உண்டு. விளக்கை இறக்கிப் பார்த்து அது அணையாவிட்டால் பயமில்லை என்று நம்புவதும் தவறு. அச்சோதனை பிராணவாயுக் குறைவையே காட்டும், இந்நஞ்சைக் காட்டாது.

ஆகையால் எஞ்சின் எப்போதும் மேலே, காற்றோட்டமான இடத்தில் இருத்தல் வேண்டும். நீர் ஆழத்தில் இருப்பின் பம்பை மட்டும் தட்டில் வைத்து மேலிருந்து நீண்ட பெல்ட்டால் ஓட்டலாம். அல்லது செங்குத்துத் தண்டுள்ள பம்பையோ ஜெட் பம்பையோ தேர்ந்துகொள்ளலாம். அப்பொழுதும் புகைக்குழாயைக் கிணற்று வாயிலிருந்து விலக்கி, காற்று வீசும் திசையறிந்து திருப்பி வைப்பது அவசியம். இவ்வசதிகளுக்கு ஆகும் அதிகச் செலவை மிச்சம்பிடிக்க எண்ணலாகாது.

5. வண்டியில் ஏற்றிய எஞ்சின்

பல கிணறுகளுக்குப் பொதுவாக வாங்கும்போது எஞ்சினைச் சக்கர வண்டியில் பூட்டுவது உண்டு. வண்டிச் சட்டத்தின் இரும்பு, எண்ணெய் வடிக்கும் திருகையோ பக்கத்துக் கதவையோ மறைக்கிறதா என்று பார்க்க வேண்டும். மறைத்தால் சட்டத்தில் வழி விடும்படி வாங்குமுன்னரே சொல்ல வேண்டும். டீசல் தொட்டி, வடிகட்டியைவிட உயரத்தில் இருப்பின் தானே இறங்கும். வண்டி சரிவில் நின்றால் எண்ணெய் அளவுகோல் பொய் சொல்லும்; ஆதலால் சமநிலத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, எஞ்சின் நின்ற சிறிது நேரம் கழித்தே அளவு பார்க்க வேண்டும்.

6. கடையிலேயே செய்து பார்க்க வேண்டிய ஆறு வேலைகள்

எஞ்சினோடு தரப்படும் ஸ்பானர்களை மட்டும் கொண்டு, அதை ஓட்டப்போகிறவரே, கடைக்காரர் முன்னிலையில் பின்வருவனவற்றைச் செய்து பார்க்க வேண்டும்.

(அ) மசகு எண்ணெயை வடித்துத் திரும்ப ஊற்றுதல்.
(ஆ) காற்று வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டுதல்.
(இ) டீசல் வடிகட்டியைக் கழற்றிப் பூட்டி, குழாயில் புகுந்த காற்றை அதற்குரிய திருகின் வழியாக வெளியேற்றுதல். தொட்டி ஒருமுறை வற்றினாலும் இவ்வேலை நேரும்.
(ஈ) நாஸிலைக் கழற்றி மாட்டுதல்.
(உ) வால்வு மூடியைத் திறந்து இடைவெளியை அளத்தல்.
(ஊ) நீரால் குளிரும் எஞ்சினில் நீர்வழியையும், காற்றால் குளிரும் எஞ்சினில் தகட்டு மூடியையும் திறந்து சுத்தம் செய்தல்.

ஒன்றைச் செய்ய மற்றொன்றைக் கழற்ற வேண்டுமாயின் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆறில் மூன்றுக்கு அவ்வாறு நேருமாயின், விலை குறைவாயினும் அவ்வெஞ்சினை விலக்குதல் நலம். நாஸிலின் தூவலுக்கு நேரே கையை நீட்டுதல் கூடாது. அது தோலைத் துளைத்து உள்ளே பாயும். காயம் ஊசிமுனை போலிருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஹாண்டிலைப் பிடிக்கையில் கட்டைவிரல் மற்ற விரல்களின் பக்கமே இருக்கட்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் விரல் தப்பும்.

பழைய எஞ்சினாயின் குளிர்ந்திருக்கும்போதே முதலில் ஓட்டச் சொல்ல வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் வேறொரு நாள் செல்வதே விவேகம். கரும்புகை அதிகச் சுமையையோ காற்றுக் குறைவையோ நாஸில் கோளாறையோ காட்டும். நீலப்புகை மசகு எண்ணெய் எரிவதைக் காட்டும். சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காவிட்டால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது நீர் கசிகிறது என்று கொள்ளலாம். எண்ணெய் பால் போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது.

7. பராமரிப்பும் கணக்கும்

எஞ்சினுக்கு வயது ஆண்டால் அன்று, ஓடிய மணியால் கணக்கிடப்படும். சிறிய எஞ்சின்கள் பலவற்றில் 100 முதல் 250 மணிக்கு ஒருமுறை மசகு எண்ணெய் மாற்ற வேண்டும். சரியான அளவைச் செய்தவருடைய கைப்புத்தகம் கூறும். தினம் எட்டு மணி ஓடினால் 13 நாளில் 100 மணி கடந்துவிடும். ஆதலால் மணிப் புத்தகம் ஒன்று அவசியம். தேதி, கிணறு, ஆரம்பம், முடிவு, ஊற்றிய டீசல், ஊற்றிய எண்ணெய், செய்த வேலை ஆகியவற்றை அன்றன்றே எழுதி வர வேண்டும். டீசலை ஒருநாள் அசையாமல் வைத்து, அடியில் தங்கியதை விட்டு, மேலுள்ளதை வடிகட்டி ஊற்றுதல் நல்லது. சூடேறிய எஞ்சினில் திடீரெனக் குளிர்ந்த நீரை ஊற்றினால் சிலிண்டர் தலை வெடிக்கக்கூடும்.

வாங்கும்போதே நாஸில் ஒன்று, பிஸ்டன் வளையம் ஒரு தொகுதி, வடிகட்டிகள், காஸ்கெட்டுகள், பெல்ட் ஒன்று ஆகியவற்றையும் வாங்கிச் சங்கப் பெட்டியில் வைக்க வேண்டும். இவை கிடைக்கும் கடை எவ்வளவு தூரம் என்பதும் தேர்வில் ஒரு அம்சம்.

வாடகையை டீசல் செலவோடு நிறுத்துவது பல சங்கங்களின் குறை. உதாரணமாக, எஞ்சின் விலை 40,000 ரூபாய் என்றும், ஆண்டுக்கு 800 மணி வீதம் 10 ஆண்டு உழைக்கும் என்றும் கொண்டால், மொத்தம் 8,000 மணி. மணிக்கு 5 ரூபாய் தேய்மானம். டீசல், மசகு எண்ணெய், ஓட்டுபவர் கூலி, பழுதுச் செலவு ஆகியவற்றோடு இதையும் சேர்த்தே மணி வாடகை விதித்து, தேய்மானத் தொகையைத் தனி நிதியாக வைத்துவந்தால், எஞ்சின் ஓய்ந்த அன்று புதிய கடன் கேட்க வேண்டியிராது.

8. மகாசபையில் தீர்மானிக்க வேண்டியவை

எஞ்சினை ஓட்டும் பொறுப்பு ஒருவருக்கே உரியதாக இருக்க வேண்டும். அவர் இல்லாத நாளைக்கு மற்றொருவரைப் பழக்கி வைக்க வேண்டும். பலர் கை பட்ட எஞ்சினுக்குப் பொறுப்பாளி ஒருவரும் இல்லை. முறை வரிசையும், மணி வாடகையும், எண்ணெய் மாற்றும் நாளில் எவர் முறையாயினும் எஞ்சின் நிற்கும் என்பதும் முதலிலேயே தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். கிணற்றுக்குள் எஞ்சினை இறக்குவதில்லை என்ற தீர்மானமும் அவற்றோடு ஏறுதல் வேண்டும். அதற்கு விலக்குக் கேட்பவர் தலைவராயினும் காரியதரிசியாயினும் சபை இணங்கலாகாது.