ஆற்றுப்படுத்தும் தொழில்

ஆறு என்பது வழி. படுத்தல் என்பது செலுத்துதல். எனவே ஆற்றுப்படை என்பது ஒருவரை வழியிற் செலுத்துதல் எனப் பொருள்படும். வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தரோ, பாணரோ, பொருநரோ, விறலியரோ, வறுமையோடு எதிரே வரும் தம்மினத்தாரைக் கண்டு, இன்னானிடம் செல்க, இன்ன வழியாற் செல்க எனக் கூறி விடுப்பதாக அமைவது அவ்விலக்கியம். பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் இவ்வகையின. திருமுருகாற்றுப்படை வீடுபேறு வேண்டுவோரை முருகப்பெருமானிடம் செலுத்துவது. ஏனைய நான்கும் பரிசில் வேண்டுவோரைப் புரவலரிடம் செலுத்துவன. வகுப்பறையில் இவற்றைக் கற்கும் மாணாக்கர், இவை மன்னர் புகழ் பாடுவன என்ற அளவிலே மனங்கொண்டு பரீட்சை எழுதிவிடுகின்றனர். ஒரு தொழிலின் இலக்கணமும் இவற்றுள் அடங்கியிருத்தலை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இக்காலத்தில் அத்தொழிலைப் பிரயாண ஆலோசகர் தொழில் என்பர்.

முதலில் மலைபடுகடாத்தை நோக்குவோம். கூத்தராற்றுப்படை எனவும் பெயர்பெறும் இப்பாட்டு 583 அடிகளையுடையது. நன்னனது செங்கண்மா நகருக்குச் செல்லும் மலைவழியை இது விரித்துரைக்கின்றது. வழியிற் கிடைக்கும் இனிய உணவையும் தங்குமிடத்தையும் கூறுவதோடு இப்புலவர் அமையவில்லை. பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ள இடத்தை இருளிற் கடவாது விடியுமட்டும் பொறுத்துச் செல்க என்கின்றார். பாம்புகள் மறைந்துறையும் குழிகள் உண்டு. தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கற்கள் விரைந்து வரும். நீர்நிலைகளின் ஓரத்துப் பாறைகள் வழுக்கும். இவற்றையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லி, அவ்வவ்விடத்துத் தப்பும் வகையையுங் கூறுகின்றார். பரிசிலை மட்டும் பாடியிருந்தாலும் பாட்டு நிறைந்திருக்கும். ஆனால் அதனை நம்பிப் போன கூத்தன் வழியிலே வீழ்ந்திருப்பான்.

சிறுபாணாற்றுப்படை இன்னொரு வகையில் நமக்கு உதவுகின்றது. ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் பாணனுக்கு எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என இடையிலுள்ள ஊர்கள் முறையே கூறப்படுகின்றன. நெய்தல் நிலத்தவர் சுட்ட மீனும், முல்லை நிலத்து எயினர் புளிச்சோறும் இறைச்சியும், மருத நிலத்தவர் வெண்சோறும் நண்டும் தருவர் என ஒவ்வோரிடத்துக்கும் உரிய விருந்து தனித்தனியே குறிக்கப்படுகின்றது. பயணத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் உணவும் ஓய்வும் வகுத்தல் என இன்று கூறப்படுவது இதுவேயாம்.

இவ்விரு பாட்டுகளிலிருந்து வழிகாட்டுவோனுக்கு வேண்டிய இரண்டு இலக்கணங்களைப் பெறலாம். தான் நடந்தறிந்த வழியையே கூறுதல் ஒன்று. நலத்தோடு இடரையும் மறையாது கூறுதல் மற்றொன்று. மூன்றாவது இலக்கணம் ஒன்றும் உண்டு. அதனைப் பின்னை நூற்றாண்டுகளின் அனுபவமே நமக்குக் கற்பித்தது.

இத்தொழிலை நவீன முறையில் வளர்த்தவருள் முதன்மையானவர் இங்கிலாந்தைச் சேர்ந்த தோமஸ் குக் என்பவர். மரவேலை செய்து பிழைத்த இவர் மதுவிலக்கு இயக்கத்தில் ஈடுபாடுடையவர். 1841ஆம் ஆண்டு யூலை 5ஆந் திகதி, மதுவிலக்குக் கூட்டமொன்றின் பொருட்டு ஏறத்தாழ ஐந்நூறு பேரை லெஸ்ரரிலிருந்து லவ்பரோவுக்குப் புகையிரதத்திற் கொண்டுசென்றார். கட்டணம் ஒரு சிலிங். 1845இல் லிவர்ப்பூலுக்கு ஒரு பயணம் ஒழுங்கு செய்தபோது, தாமே அவ்வழியே முன்னராகச் சென்று பார்த்து, பயணிகளுக்கு ஒரு கைந்நூலும் எழுதி அச்சிட்டார். மலைபடுகடாத்துப் புலவர் காட்டிய முதல் இலக்கணம் இங்கே நிறைவுபெறுதல் காண்க. 1872இல் உலகைச் சுற்றிவரும் பயணமொன்றையும் அவர் தொடக்கி நடத்தினார். அது 222 நாள்களில் முடிந்தது.

அவர் பெயரால் வளர்ந்த நிறுவனம் 178 ஆண்டுகளின் பின்னர், 2019ஆம் ஆண்டு செப்ரெம்பர் 23ஆந் திகதி முறிந்தது. வெளிநாடுகளில் அகப்பட்டிருந்த பிரித்தானியப் பயணிகள் ஒன்றரை இலட்சம் பேர் வரையில், அந்நாட்டு அதிகாரிகள் ஒழுங்குசெய்த விமானங்களில் வீடு சேர்க்கப்பட்டனர். சுற்றுலா விற்போர் முறிந்தாலும் பயணி நடுவழியில் விடப்படலாகாது என்னும் பாதுகாப்புத் திட்டம் அங்கே 1973 தொட்டு நடைமுறையில் இருந்தமையும் அதற்கு ஒரு காரணம். நாம் கூறவந்த மூன்றாவது இலக்கணம் இதுவே. வழி தவறிய இடத்திலும் பொறுப்பேற்று நிற்றல் வழிகாட்டியின் கடனாகும்.

இனி, இணையம் வந்தபின் இத்தொழில் எதற்கு என வினவுவாருளர். வினா நியாயமானதே. முன்னாளிற் பிரயாண முகவர் பெரும்பாலும் சீட்டு விற்றுக் கிடைத்த தரகுப் பணத்தாலே வாழ்ந்தனர். அமெரிக்க விமானக் கம்பனிகள் 1995இல் அத்தரகுக்கு எல்லை விதித்து, 2002இல் அடிப்படைத் தரகை அறவே நிறுத்தின. சீட்டு விற்பதை மட்டும் தொழிலாகக் கொண்டோர் பலர் கடைகளை மூடினர். அறிவை விற்றோர் நிலைத்தனர். 1931இல் தோன்றிய அமெரிக்கப் பிரயாண முகவர் சங்கம் 2018இல் தன் பெயரிலிருந்த ‘முகவர்’ என்னுஞ் சொல்லை நீக்கி ‘ஆலோசகர்’ எனச் சேர்த்துக்கொண்டமை இம்மாற்றத்தைக் காட்டும்.

அவ்வறிவின் பெறுமதியை யானும் பட்டே உணர்ந்தேன். தந்தையாரின் ஆட்டைத் திவசத்தைக் காசியிலே செய்தல் வேண்டும் என்பது என் தாயாரின் விருப்பம். 2024ஆம் ஆண்டில் அப்பயணத்தை யானே கைத்தொலைபேசியில் ஒழுங்கு செய்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு ஒரு சீட்டும், சென்னையிலிருந்து காசிக்கு வேறொரு கம்பனியில் மற்றொரு சீட்டும் மலிவாகக் கிடைத்தன. இடையே மூன்று மணித்தியாலம். போதும் என எண்ணினேன். மழையினால் முதல் விமானம் பிந்தியது. நாங்கள் சென்னையில் இறங்கியபோது இரண்டாவது விமானம் போய்விட்டது. சீட்டுப் பணமும் போயிற்று. மறுநாள் இடமில்லை. காசியை அடைந்தபோது திதி கடந்து இரு நாள்கள் ஆகியிருந்தன. ‘எந்த நாளிற் செய்தாலும் அப்பா ஏற்றுக்கொள்ளுவார்’ என்று தாயார் சொன்னார். அதன் பின்னர் அதைப்பற்றி அவர் பேசவில்லை. அந்த மௌனம் இன்றும் என் மனத்தை வருத்துகின்றது.

ஊர் திரும்பியபின், கொழும்பிற் பிரயாண ஆலோசகராக இருக்கும் என் பழைய மாணவர் ஒருவரிடம் இதைக் கூறினேன். அவர் சற்றே தயங்கிவிட்டு, “சேர், இரண்டும் வேறு வேறு சீட்டு. முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது கம்பனிக்குப் பொறுப்பில்லை. நானென்றால் முதலிலே எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டிருப்பேன். திதி என்று தெரிந்தால் சென்னையில் ஓரிரவு தங்கவைத்து, இரண்டு நாள் முந்தியே காசிக்கு அனுப்பியிருப்பேன்” என்றார்.

எங்கே, எப்பொழுது என்ற இரு வினாக்களையே கைத்தொலைபேசி என்னிடம் கேட்டது. எதற்காக என்ற வினாவிலே என் பயணம் முழுவதும் தங்கியிருந்தது. அதனைக் கேட்பதற்கு ஒரு மனிதர் வேண்டியிருந்தது.

அம்மாணவர் தம் தொழிலைப்பற்றி மேலும் விளக்கியவற்றுட் சிலவற்றை இளையோர் பொருட்டு இங்கே தருகின்றேன். கடவுச்சீட்டு, பயண நாளிலிருந்து ஆறு மாதமாயினும் செல்லுபடியாதல் வேண்டும் எனப் பல நாடுகள் விதிக்கின்றன. சீட்டிலுள்ள பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருத்தல் வேண்டும். தந்தை பெயரை முதலெழுத்தாகச் சுருக்கி எழுதும் நம் வழக்கம் இங்கே இடர் விளைக்கும். முதியோருக்குச் சக்கர நாற்காலி வேண்டுமாயின் விமானக் கம்பனிக்கு முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். நாள்தோறும் உட்கொள்ளும் மருந்தை, மருத்துவர் எழுதிய சீட்டோடு கைப்பையிலே வைத்தல் வேண்டும். தமிழ்நாட்டுத் தலங்களுக்குச் செல்வோர், பல கோயில்கள் நண்பகலில் நடைசாத்தி மாலையிலேயே திறக்கும் என்பதை மனத்திற்கொண்டு பகலை வகுத்தல் வேண்டும். பன்னிரண்டு மணியளவிற் கோயில் வாயிலை அடைந்தவர் நான்கு மணித்தியாலத்தைத் திண்ணையிலே கழிப்பர். திருவிழாக் காலத்திலே தங்குமிடத்தை முதலில் உறுதிசெய்து, பின்னரே சீட்டு வாங்குதல் வேண்டும்.

எல்லாப் பயணத்துக்கும் ஆலோசகர் வேண்டும் என்பது என் கருத்தன்று. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் புகையிரதத்திற் போக ஒருவர் துணையும் வேண்டியதில்லை. ஆனால் பல நாடுகள், பல சீட்டுகள், முதியோர், குழந்தைகள், தவறவிடலாகாத நாள் ஆகியவற்றுள் ஒன்றிருப்பினும் அறிந்தவரைக் கேட்டலே நன்று. அவர் பெறும் கட்டணம் இழப்பிலுஞ் சிறிது.

ஈண்டு ஒன்றைக் கூறாது விடுதல் முறையாகாது. போர்க்காலந் தொட்டு நம்மவரிடையே ‘ஏஜென்சிக்காரர்’ என்னுஞ் சொல் அச்சத்தைத் தரும் சொல்லாகிவிட்டது. காணி விற்றும் நகை அடகு வைத்தும் பணங் கொடுத்தவர்களை அறியாத நாடுகளிலே கைவிட்டோர் உளர். கடலிலும் காட்டிலும் உயிர் இழந்தோரும் உளர். அத்தகையோர் நலத்தை மட்டும் கூறி இடரை மறைத்தனர். தாம் ஒருநாளும் போகாத வழியை அறிந்ததாகச் சொன்னனர். இடர் வந்தபோது தொலைபேசியை நிறுத்திவிட்டனர். மேலே கண்ட மூன்று இலக்கணங்களையும் ஒருங்கே மீறியவர் அவர். ஆதலின் ஒருவரிடம் பணம் கொடுக்குமுன் இம்மூன்றையும் கொண்டு அவரை அளந்து பார்த்தல் வேண்டும். 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தால் நிறுவப்பட்ட இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையிற் பதிவு பெற்றவரா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். வழியின் இடரை நீங்கள் கேளாமலே முதலிற் சொல்பவரை நம்பலாம்.

மாணாக்கர்களே, வைத்தியம், பொறியியல் என்னும் இரண்டையன்றி வேறு தொழில் இல்லை என எண்ணி மயங்கவேண்டாம். புவியியலும் சரித்திரமும் மும்மொழியும் கற்று, மணிக்கணக்கிற் பிழையாது, பிறர் தேவையைப் பொறுமையோடு கேட்கும் பண்புடையவருக்கு இத்தொழில் இடந்தரும். பழைய மாணவர் பலர் இன்று கடல் கடந்த நாடுகளில் வாழ்கின்றனர். அவர் தம் மக்களை அழைத்துக்கொண்டு பிறந்த ஊரையும் படித்த கல்லூரியையும் காண வரும்போது, அவர்களை ஆற்றுப்படுத்துவோர் நம் மாணவராயின் அதனினும் பெருமை நமக்கு வேறில்லை. வழியை அறிந்து, இடரை மறையாது, இறுதிவரை உடன்நின்று பிறரைச் செலுத்தும் நல்லாசிரியர் பலரைத் தந்த நம் கல்லூரி அன்னை, இவ்விழா ஆண்டிலும் இனிவரும் ஆண்டுகளிலும் சிறப்புற்று ஓங்குவாளாக.